வாசகர் கேள்வி–பதில்: புதிய செயலியை மக்கள் ஏற்றுக்கொண்டார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நெகிரி செம்பிலானில், செம்பனையும் ரப்பரும் சூழ்ந்த பகாவ் வட்டாரத்திலிருந்து ஒரே பொருளில் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. தகவல் தொழில்நுட்பத்தை மக்கள் எப்படி ஏற்கிறார்கள், எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற ஆய்வைப் பற்றியவை அவை. பட்டப்படிப்புக்காகக் கேட்டவர்களும் உண்டு, வேலைக்காகக் கேட்டவர்களும் உண்டு. இம்மாதப் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொடுக்கிறேன், பகுதிநேரமாக முதுகலையும் படிக்கிறேன். கல்வி அமைச்சின் டெலிமா இணையக் கற்றல் தளத்தை ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டது பற்றி ஆய்வு. டேம் மாதிரியா, யூடாட் மாதிரியா என்று முடிவு செய்யச் சொல்கிறார் மேற்பார்வையாளர். எது பொருந்தும்? (ஆசிரியை, பகாவ்)

பதில்: டேம் என்பது தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. ஃபிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட கட்டுரையால் பரவலானது. அதன் அடிப்படை இரண்டே எண்ணங்கள்: இது எனக்குப் பயன்படும், இதைக் கையாள்வது எளிது. இரண்டுக்கும் ஆறு ஆறு கேள்விகள். இவற்றில் பயன் பற்றிய எண்ணத்துக்கே வலு அதிகம் என்று டேவிஸ் கண்டார். எளிதாக இருப்பது பெரும்பாலும் பயனை உணரவைப்பதன் வழியாகத்தான் வேலை செய்கிறது. எவ்வளவு எளிதான செயலியாக இருந்தாலும், உருப்படியாக ஒன்றும் கிடைக்காவிட்டால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

யூடாட் என்பது தொழில்நுட்ப ஏற்பு, பயன்பாடு பற்றிய ஒருங்கிணைந்த கோட்பாடு. 2003இல் வந்தது. வெங்கடேஷ், மோரிஸ், டேவிஸ், டேவிஸ் ஆகிய நால்வர் அதற்கு முன்பிருந்த எட்டு மாதிரிகளை ஒன்றாக்கி நான்கு காரணிகளாகச் சுருக்கினார்கள்: வேலைக்குக் கிடைக்கும் பலன், தேவைப்படும் உழைப்பு, சுற்றியிருப்போர் தாக்கம், கருவி, பயிற்சி, உதவி போன்ற வசதிகள். பாலினம், வயது, அனுபவம், விருப்பமா கட்டாயமா என்பவை இவற்றின் வலுவைக் கூட்டிக் குறைக்கும். 2012இல் வந்த யூடாட் 2 நுகர்வோருக்கானது. மகிழ்ச்சி, விலைக்கேற்ற பலன், பழக்கம் மூன்றையும் சேர்த்துக்கொண்டது. மின்பணப்பை பற்றிய ஆய்வென்றால் அதை எடுக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு முதல் யூடாட்தான் நெருக்கம்.

ஆனால் டீச்சர், மாதிரியைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. டெலிமாவில் நுழைவது உங்கள் பள்ளியில் கட்டாயமா, விருப்பமா? கட்டாயமென்றால் ‘தொடர்ந்து பயன்படுத்த நினைக்கிறேன்’ என்ற கேள்விக்கு எல்லாரும் 7க்கு 6 போடுவார்கள். அது நாட்டமல்ல, கீழ்ப்படிதல். சுற்றியிருப்போரின் தாக்கம் கட்டாயச் சூழலில்தான் வலுவாகத் தெரிகிறது, அதுவும் ஆரம்ப காலத்தில்தான் என்று யூடாட் ஆய்வே சொல்கிறது. அதனால் நாட்டத்தை விட்டுவிட்டுப் பயன்பாட்டின் ஆழத்தை அளவிடுங்கள். ஒரு தவணையில் எத்தனை பயிற்சிகள் கொடுக்கப்பட்டன? அவற்றில் எத்தனை திருத்தப்பட்டுக் கருத்துடன் மாணவரிடம் திரும்பின? நுழைந்து வெளியேறிய எண்ணிக்கை மட்டும் போதாது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை எண்ணிக்கையைப் பதிய மண்டோர்களுக்கு (வேலையை மேற்பார்ப்பவர்களுக்கு) ஒரு செயலி கொடுத்தார்கள். கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கு’ என்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தை மட்டும் யாரும் விடவில்லை. ஏற்றுக்கொண்டார்களா இல்லையா என்று ஆய்வு செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். கேள்வித்தாளை எப்படித் தயாரிப்பது? (தோட்டக் கிராணி, அதாவது எழுத்தர்)

பதில்: கேள்வித்தாளைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் செயலி ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் பதிவுகளைப் பாருங்கள்.

இணையம் இல்லாத இடத்திலும் இயங்கும் செயலியில் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு நேரம் இருக்கும். ஒன்று கைப்பேசியில் தட்டிய நேரம். மற்றொன்று சர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரம். லைன் கிடைக்காத பிளாக்கில் தட்டியது கைப்பேசியிலேயே தங்கிவிடும், ஆபீஸ் பக்கம் வந்த பிறகுதான் மேலே ஏறும். ஆபீசுக்கு வரும் அறிக்கையில் இரண்டாவது நேரம் மட்டும் இருந்தால் எல்லாப் பதிவும் மதியம் ஒரே நேரத்தில் நடந்ததாகத் தெரியும். ‘மண்டோர்கள் வேலை முடித்து வந்துதான் பதிகிறார்கள்’ என்று எழுதிவிடுவீர்கள், அது வீண்பழி. செயலி கொடுத்த நிறுவனத்திடம் இரண்டு நேரமும் உள்ள கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கைப்பேசிகளின் கடிகாரம் தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பிறகு 20 வேலை நாள்களின் பதிவுகளை மண்டோர் வாரியாக வரிசைப்படுத்தி, ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி எவ்வளவு என்று கணக்கிடுங்கள். வெட்டிய குலைகளைச் சேர்த்து வைக்கும் ஒரு மேடையிலிருந்து அடுத்த மேடைக்கு நடக்கவே சில நிமிடம் ஆகும். முப்பது மேடைகளின் பதிவு அரை அரை நிமிடத்தில் அடுத்தடுத்து விழுந்திருந்தால், நோட்டைப் பார்த்து ஒரே மூச்சில் ஏற்றியிருக்கிறார் என்று அர்த்தம். இதை எந்தக் கேள்வித்தாளும் சொல்லாது. குரலஞ்சல் பயன்பாட்டை வைத்து ஸ்ட்ராப், லிமாயெம், கராஹன்னா ஆகியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், ஆள்கள் சொன்ன பயன்பாடும் கணினி பதிந்துவைத்த பயன்பாடும் பெரிதாக ஒத்துப்போகவில்லை. டேவிஸின் 1989ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் பயன்பாடு என்பது ஆள்கள் தாங்களே சொன்னதுதான்.

மூன்றாவது வேலை, கூட நடப்பது. காலைப் பெரட்டிலிருந்து (ஆள் கணக்கெடுப்பிலிருந்து) கடைசி மேடை வரை ஒரு மண்டோருடன் ஒரு முழுக் காலை. மூன்று நான்கு பேரிடமாவது இதைச் செய்யுங்கள். கை என்ன செய்கிறது என்று மட்டும் குறியுங்கள். மேடையில் குலைகள் வரிசையாகக் கிடக்கும், வெட்டிய காம்பில் தொழிலாளியின் எண் எழுதியிருக்கும். மண்டோர் எண்ணுகிறார், காய்க்குலை இருக்கிறதா, காம்பு நீளமா என்று பார்க்கிறார், நோட்டில் பென்சிலால் ஒரு வரி போடுகிறார், முடிந்தது. செயலியில் அதே ஒரு வரிக்குத் தொழிலாளி, பிளாக், மேடை, பழம், காய், படம் என்று ஒவ்வொன்றாகத் தொட வேண்டியிருக்கலாம். வியர்வைக் கையில் திரை நகராது, வெயிலில் எழுத்து தெரியாது, மழை பிடித்தால் கைப்பேசி பிளாஸ்டிக் பைக்குள் போய்விடும். எந்த இடத்தில் செயலி கைவிடப்படுகிறது என்பதை நேரத்தோடு எழுதிக்கொண்டால் உங்கள் அறிக்கையில் பாதி முடிந்தது.

மீதிப் பாதி, நோட்டு ஏன் உயிரோடு இருக்கிறது என்பது. எங்கள் கணிப்பு இது, நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டும்: குலைக்கணக்கு என்பது சம்பளக்கணக்கு. மாதக் கடைசியில் ‘என் எண்ணிக்கை குறைகிறது’ என்று ஒருவர் வந்து நின்றால் மண்டோர் நோட்டைப் புரட்டிக் காட்டுவார். செயலியில் போன வாரப் பதிவைத் திறந்து காட்ட முடியுமா? ஆபீசில் திருத்தினால் மண்டோருக்குத் தெரியுமா? தெரியாதென்றால் நோட்டுதான் அவருக்குச் சாட்சி. அதை எதிர்ப்பு என்றோ அறியாமை என்றோ எழுதுவது அநியாயம். கடந்த இரண்டு மாதப் பதிவையும், யார் எப்போது திருத்தினார் என்பதையும் அவர் கைப்பேசியிலேயே பார்க்க வழி செய்தால் நோட்டு குறைகிறதா என்று பாருங்கள்.

பத்துப் பேருக்கும் குறைவான மண்டோர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துப் புள்ளிவிவரம் எடுப்பதில் பொருளில்லை, உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் நீங்கள் பேசாதீர்கள். சம்பளப் பட்டியல் போடுகிறவரிடம் எல்லாரும் ‘நல்லாத்தான் இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். வெளியாள் ஒருவர் கேட்கட்டும். பழம் வெட்டுபவர்களிடமும் கேட்க வேண்டும். இன்று அவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். மொழிபெயர்க்க மண்டோரையே கூப்பிட்டால் உண்மை வெளிவராது.

கேள்வி: மின்பணப்பை பற்றிய ஆய்வுக்குக் கூகுள் படிவத்தைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் அனுப்பினேன். 384 பேர் வேண்டும் என்கிறார்கள், 160தான் வந்தது. என்ன செய்வது? (கல்லூரி மாணவர்)

பதில்: 384 என்பது கிரெஜ்சி, மோர்கன் 1970 அட்டவணையிலிருந்து வருவது. பெரிய மக்கள்தொகையில், குலுக்கல் முறையில் ஆளெடுத்து, ஒரு விகிதத்தை 5 விழுக்காட்டுப் பிழைக்குள் கணிக்க உதவும் எண். நீங்கள் குலுக்கவும் இல்லை, விகிதம் கணிக்கவும் இல்லை. காரணிகளுக்கு இடையிலான தொடர்பைச் சோதிக்கிறீர்கள். அதற்கு ஜி*பவர் மென்பொருளில் கணக்கிடுங்கள். விளைவின் அளவு 0.15, பிழை அளவு 0.05, ஆற்றல் 0.80, முன்கணிக்கும் காரணிகள் நான்கு என்று கொடுத்தால் 85 பேர் போதும் என்று வரும். 0.2 அளவுள்ள சிறிய தொடர்பையும் பிடிக்க வேண்டும் என்றால் காக், ஹடாயா 2018 முறைப்படி 155 பேர். உங்கள் 160 போதும்.

போதாதது வேறு. கூகுள் படிவத்தைப் புலனத்தில் அனுப்பினால் யார் நிரப்புவார்? கைப்பேசி, டேட்டா, படிவம் மூன்றும் பழகியவர்கள் மட்டுமே. மின்பணப்பையை வேண்டாம் என்று வைத்தவர், கைப்பேசியே இல்லாதவர், எழுத்து வாசிக்கத் தடுமாறுபவர் யாரும் அதில் இருக்க மாட்டார்கள். ஏற்காதவர்களை வாசலிலேயே விட்டுவிட்டு ஏற்பை ஆராய்ந்தால் ‘மக்கள் ஏற்கிறார்கள்’ என்றுதான் முடிவு வரும். 160ஐ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு 40 பேரை நேரில் பிடியுங்கள். சனிக்கிழமை காலை மளிகைக் கடை, கோயில் மண்டபம், கிளினிக் வரிசை என்று மூன்று இடம் வைத்து, ஒவ்வொரு மூன்றாவது ஆளையும் கேளுங்கள். நீங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சிரித்த முகங்களிடம்தான் போவீர்கள். மறுத்தவர்களையும் எண்ணி எழுதுங்கள். இரண்டு தொகுப்பையும் கலக்காமல் தனித்தனியே காட்டுங்கள்.

கேள்வி: ஆங்கிலக் கேள்விகளைத் தமிழில் மாற்றி, தோட்டத்துப் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டிப் பதில் வாங்க வேண்டும். என்ன முறை? (ஆய்வு உதவியாளர்)

பதில்: வழக்கமான முறை 1970இல் பிரிஸ்லின் எழுதியது. ஒருவர் தமிழில் பெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு விலகும் இடங்களைத் திருத்த வேண்டும். இது அவசியம், ஆனால் இதோடு நிறுத்தினால் கெட்டது. படித்த இருவருக்கிடையே சரியாகப் போய்வந்த வாக்கியம் 70 வயதுக்காரருக்குப் புரிந்ததாகாது. ஆறிலிருந்து எட்டுப் பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, ‘இதில் என்ன கேட்கிறோம், உங்கள் பேச்சில் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். இரண்டு பேர் தடுமாறினால் கேள்வியை மாற்றுங்கள்.

‘இச்செயலியின் பயன்பாடு எனது பணித்திறனை மேம்படுத்தும்’ என்பதை யாரும் பேசுவதில்லை. ‘இந்த ஆப்பை வைத்துக்கொண்டால் என் வேலை இன்னும் நன்றாக நடக்கும்’ என்றால் பதில் வரும். பேச்சுத் தமிழுக்கு இறக்கும்போது டேவிஸின் ஆறு பயன் கேள்விகளில் மூன்று நான்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். பெரியவர் ‘அதான் முன்னமே சொன்னேனே’ என்பார். சத்தமில்லாமல் கேள்வியை வெட்டிவிடாதீர்கள். எதை, ஏன் எடுத்தீர்கள் என்று ஆய்வேட்டில் எழுதுங்கள்.

எதிர்மறைக் கேள்வி வேண்டவே வேண்டாம். ‘இது கஷ்டமாக இல்லை, சரியா?’ என்றால் ‘ஆமா’ என்பவரும் ‘இல்லை’ என்பவரும் ஒன்றையே சொல்லியிருக்கலாம். ஏழு படி அளவையும் காதால் கேட்டு நினைவில் வைக்க முடியாது. இரண்டு கட்டமாகக் கேளுங்கள். முதலில் ‘சரியா, இல்லையா, நடுத்தரமா?’ சரி என்றால், ‘ரொம்பச் சரியா, ஓரளவா?’ இல்லை என்றாலும் இதேபோல. இப்படிக் கேட்டால் ஐந்து படி தானாக வந்துவிடும்.

கேள்வி: என் மாமியாருக்கு 71 வயது. கைப்பேசியும் மின்பணப்பையும் அவர் பெயரில். பணம் போடுவது, பில் கட்டுவது எல்லாம் என் மகன். கணக்கெடுக்க வந்த மாணவி அத்தையைப் ‘பயன்படுத்துபவர்’ என்று குறித்துக்கொண்டு போனார். அது சரியா? (குடும்பத்தலைவி)

பதில்: சரியில்லை, ‘பயன்படுத்தாதவர்’ என்று குறித்திருந்தாலும் சரியாகாது. பெங்களூருக் குடிசைப் பகுதிகளில் நடத்திய ஆய்வை சம்பாசிவனும் சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்டார்கள். இடையாள் வழிப் பயன்பாட்டை அதில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒருவருக்குப் பதிலாக மற்றவரே முழுவதும் செய்துவிடுவது. பக்கத்திலிருந்து திறந்து, அமைத்துக் கொடுக்க, உரியவரே பயன்படுத்துவது. உரியவர் பயன்படுத்த, திரையில் என்ன வருகிறது என்று பக்கத்திலிருப்பவர் வாசித்துச் சொல்வது. உங்கள் வீட்டில் நடப்பது முதல் வகை. பேரன் வேலைக்கு வெளியூர் போனதும் பாட்டியின் ‘பயன்பாடு’ ஒரே நாளில் பூஜ்யமாகும். டேம், யூடாட் இரண்டும் தனக்காகத் தானே முடிவெடுக்கும் ஒற்றை ஆளை மனத்தில் வைத்து உருவானவை. குடும்பமாகக் கைப்பேசி புழங்கும் நம் வீடுகளில் அந்த அனுமானம் முதலிலேயே உடைகிறது.

கணக்கெடுக்க வருபவர் கேட்க வேண்டியவை: கைப்பேசி யார் கையில் இருக்கும்? பின் எண்ணை யார் தட்டுவார்? எவ்வளவு, எதற்கு என்று யார் முடிவு செய்வார்? ரசீதை யார் பார்ப்பார்? ஒவ்வொன்றுக்கும் தனிப்பெட்டி வேண்டும்.

ஒரு வார்த்தை உங்களுக்கும். கணக்கில் மாதச் செலவுக்கு மேல் வைக்காதீர்கள், செயலியில் ஒரு நாள் வரம்பையும் குறைத்துவிடுங்கள். மோசடி என்று தெரிந்த உடனே மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழையுங்கள், நேரம் கடத்தக்கூடாது. அத்தையே தனியாகச் செய்யக்கூடியதும் உண்டு. அரசாங்கத்தின் சாரா உதவியில் அடையாள அட்டையான மைகார்டைக் கடையில் காட்டியே பொருள் வாங்கலாம். கைப்பேசி தேவையில்லை, கார்டு ஏற்கெனவே அவர் பையில் இருக்கிறது.

கேள்வி: தாமதமாக ஏற்பவர்களைப் ‘பின்தங்கியோர்’ என்று பாடநூலில் போட்டிருக்கிறதே, இது சரியான வகைப்பாடா? (ஆறாம் படிவ மாணவி)

பதில்: இது எவரெட் ரோஜர்ஸ் 1962இல் எழுதிய புத்தாக்கப் பரவல் நூலிலிருந்து வருவது. முதலில் ஏற்போர் தொடங்கிக் கடைசியில் ஏற்போர் வரை 2.5, 13.5, 34, 34, 16 விழுக்காடு என்ற பங்குகளை மணிவடிவ வளைகோட்டைச் சராசரியிலிருந்து திட்டவிலக்கப்படி வெட்டிப் பெற்றார்கள். மனிதர்களின் குணத்தை அளந்து பெற்ற எண்கள் அல்ல அவை. புதியது எல்லாம் நல்லது என்று தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளும் சாய்வு இந்தத் துறையில் உண்டு என்று ரோஜர்ஸே எச்சரித்தார். ‘கடைசியில் ஏற்றோர்’ என்று எழுதினால் போதும்.

கேள்வி: என் முடிவுகளில் ஆல்ஃபா 0.97 வந்திருக்கிறது. தோழிகள் பாராட்டுகிறார்கள். மேற்பார்வையாளர் மட்டும் முகம் சுளிக்கிறார். ஏன்? (முதுகலை மாணவி)

பதில்: அவர் சுளிப்பது நியாயம். ஆல்ஃபா என்பது ஒரு காரணியின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண். 0.70க்கு மேல் நல்லது, 0.95ஐத் தாண்டினால் கேள்விகள் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கின்றன என்று சந்தேகிக்க வேண்டும். டேவிஸின் பயன் கேள்விகளுக்கே 0.98 வந்தது, அவையும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவைதான். இரண்டு காரணிகள் தனித்தனியாக நிற்கின்றனவா என்று காட்டும் எச்டிஎம்டி விகிதத்தைப் பாருங்கள். 0.90ஐத் தாண்டினால் இரண்டு காரணிகள் உங்கள் தரவில் ஒன்றாகிவிட்டன. அடுத்து, எல்லாக் கேள்விக்கும் ஒரே எண்ணை இட்டவர்களைத் தேடுங்கள். வரிசை வாரியாகத் திட்டவிலக்கம் எடுத்தால் பூஜ்யம் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, ஒரே தாளில், ஒரே நேரத்தில், ஒரே ஆளிடம் காரணத்தையும் விளைவையும் கேட்டால் தொடர்பு வீங்கித்தான் தெரியும். பயன்பாட்டு அளவை நான்கு வாரம் கழித்துத் தனியாக வாங்குங்கள், முடிந்தால் பதிவிலிருந்தே எடுங்கள்.

கேள்வி: எங்கள் கூட்டுறவு இரண்டு கடைகள் நடத்துகிறது. கியூஆர் கட்டணம் வைக்கலாமா என்று பேச்சு. ‘ஏற்கிறார்களா’ என்பது இருக்கட்டும், இதனால் உண்மையில் லாபம் உண்டா என்று யாராவது அளந்திருக்கிறார்களா? (கூட்டுறவு நிர்வாகக்குழு உறுப்பினர்)

பதில்: கைப்பேசியைப் பொறுத்தவரை, ராபர்ட் ஜென்சன் வடகேரள மீனவர்களை வைத்து 2007இல் வெளியிட்ட ஆய்வு நல்ல முன்மாதிரி. கைப்பேசிச் சேவை அந்தக் கரைக்கு 1997க்கும் 2001க்கும் இடையே பகுதி பகுதியாக வந்தது. முதலில் வந்த பகுதியையும் இன்னும் வராத பகுதியையும் பக்கத்தில் வைத்து, மத்தி மீனின் விலையை வாரந்தோறும் எழுதினார். சேவை வந்ததும் மீனவர்கள் கடலிலிருந்தே சந்தைகளை விசாரித்து, வாங்க ஆள் இருக்கும் கரைக்குப் படகைத் திருப்பினார்கள். சந்தைக்குச் சந்தை விலை வேறுபடுவது சுருங்கியது, விற்காமல் வீணாகும் மீன் இல்லாமற்போனது. மீனவர் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது, வாங்குவோருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. ‘கைப்பேசி பயனுள்ளதா’ என்ற கேள்வியை நம்பி அவர் இந்த முடிவுக்கு வரவில்லை.

உங்களுக்கும் இரண்டு கடை இருப்பது அதிர்ஷ்டம். இரண்டிலும் ஒரே நாளில் வைக்காதீர்கள். முதலில் எட்டு வாரம் எதையும் மாற்றாமல் இரண்டு கடையிலும் மூன்றை எழுதுங்கள்: கல்லாவில் ஓர் ஆளுக்கு ஆகும் விநாடி (தினமும் ஒரே மணியில், 20 பேர்), இரவு கல்லா எண்ணும்போது வரும் கூடுதல் குறைவு, பற்று நோட்டில் நிற்கும் பாக்கி. பிறகு ஒரு கடையில் மட்டும் கியூஆர் வைத்து, இரண்டிலும் இன்னும் எட்டு வாரம் எழுதுங்கள். ஒரு கடையில் ஏற்பட்ட மாற்றத்திலிருந்து மற்ற கடையில் ஏற்பட்ட மாற்றத்தைக் கழித்தால் வருவதுதான் கியூஆரின் விளைவு.

கணக்கைக் கெடுப்பது சம்பளத் தேதி. தோட்டத்தில் மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் வந்துவிடும், அதையொட்டிக் கூட்டமும் நெரியும், பாக்கியும் அடையும். சம்பள வாரத்தைச் சம்பள வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். தீபாவளி விழும் மாதத்தைச் சோதனைக்குள் விடாதீர்கள்.